ஒன்பது நிமிடத்தில் விழுந்த இலை

அணுப் பாடம் நடத்த ஒரு கல்லூரிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவர என்னையும் ஒரு கமிஷனில் போட்டிருந்தார்கள். ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். நாகர்கோவில் பக்கத்தில் தமிழ் பேசுகிற எங்கள் நாலு தாலுகாக்களும் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. சென்னை மாநிலத்தோடு சேர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளன்.

கமிஷன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேர், ஒரு கார், அவ்வளவுதான். தலைவர் பெரிய படிப்புப் படித்த பௌதிகப் பேராசிரியர், சீமையில் இரண்டு வருஷம் இருந்தவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற பொறியாளர். காரில் ஏறினால் தூங்குவார், இறங்கினால் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பார். மூன்றாவது நான். எனக்குத் தமிழ் தெரியும், கையெழுத்து அழகாக இருக்கும், அறிக்கையை நான் எழுதிவிடுவேன் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் புதிதாக ஒரு கோட்டு தைத்துக்கொண்டேன். அந்த ஐப்பசிப் புழுக்கத்தில் அதைக் கழற்றாமல் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த முட்டாள் நான்தான்.

கல்லூரி நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு குளக்கரையில் இருந்தது. சின்னக் கல்லூரி. கட்டி நாலு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் கரையோர மணலில் அணுச் சக்திக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது என்று பத்திரிகைகளில் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் அது. கல்லூரி மேனேஜர் அதைப் படித்துவிட்டு, நம் ஊர் மணலுக்கு நம் ஊர்ப் பிள்ளைகள்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நல்ல எண்ணம்தான். பி.எஸ்ஸி. பௌதிகத்தில் ஒரு தனிப்பிரிவு. மணலைப் பிரிப்பது, கதிர்வீச்சை அளப்பது, அதற்கு வேண்டிய இயந்திரப் பாடம் கொஞ்சம். அனுமதி வரும் முன்பே 'அணுப் பொறியியல் பிரிவு' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை. தாற்காலிகமாக ஒரு வருஷம் நடத்தட்டும், பிறகு கமிஷன் பார்த்துச் சொல்லட்டும் என்று பல்கலைக்கழகம் விட்டிருந்தது. ஒன்பது மாணவர்கள். ஒரே ஒரு விரிவுரையாளர். கமிஷன் சரி என்றால் பிரிவு நிற்கும். இல்லையென்றால் பிரிவும் போகும், அதற்கென்றே உண்டாக்கிய அவருடைய வேலையும் போகும். காரில் ஏறும்போதே இதெல்லாம் எனக்குத் தெரியும். காகிதங்களைப் படித்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

என்னைப் பற்றிய ஒரு பொய்யை இங்கே சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் பின்னால் நடந்தது விளங்காது. திருவனந்தபுரத்தில் என் வீட்டைப் பற்றி யார் கேட்டாலும், சுசீந்திரத்துப் பக்கம், வயல் இருக்கிறது, நெல் விவசாயம் என்று சொல்லி வைத்திருந்தேன். எங்களுக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. நான் பிறந்தது குளச்சலுக்குக் கிழக்கே கடற்கரை ஓரத்து ஊர் ஒன்றில். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா மணல் சுமந்து என்னைப் படிக்க வைத்தாள். மணல் கம்பெனியில் ஆள் எடுக்கும் நாட்களில் அங்கே. எடுக்காத நாட்களில் வீடு கட்டுகிறவர்களின் வண்டிகளுக்கு மணல் ஏற்றிவிடுவாள். தலையில் சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி கொட்டிப்போயிருந்தது. கம்பெனி எடுக்கிற கடற்கரைக் கருமணலையும் சாதாரண மணலையும் கையில் அள்ளிய கனத்திலேயே சொல்லிவிடுவாள். இந்த அம்மாவை நான் வயலாக்கிவிட்டேன்.

சுசீந்திரத்தைத் தாண்டும்போது தலைவர் கார்க் கண்ணாடியை இறக்கி, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"இதில் உன் வயல் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய வயல், முழங்கால் உயரத்துக்குப் பயிர். "வரப்பில் இரண்டு தென்னை நிற்கிறதே, அதுவரைக்கும்" என்றேன். எல்லையெல்லாம் சொல்லிப் பொய் சொன்னேன். நல்ல பயிர் என்று தலைவர் பாராட்டினார். நன்றி சொன்னேன்.

கல்லூரி வாசலில் மேனேஜர் மாலையோடு நின்றார். இளநீர், பிறகு காப்பி, பிறகு ஏத்தங்காய் வற்றல். மணி பத்துதான் ஆகியிருந்தது. சமையல்கட்டிலிருந்து தேங்காய் வறுக்கிற வாசனை வந்தபடி இருந்தது. கமிஷன் சாப்பாடு என்பது அந்தக் காலத்தில் பரீட்சையில் பாதி. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நூலகத்துக்குக் கொடுக்கிற நேரத்தைவிடப் பந்திக்குக் கொடுக்கிற நேரம் அதிகமாக இருக்கும். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் இரண்டாம் தடவை பாயசம் வாங்கியவன்தான்.

விரிவுரையாளர் ஆய்வுக்கூட வாசலில் காத்திருந்தார். முப்பது வயது இருக்கும். ஒல்லி. சலவைச் சட்டையின் பையில் மசி கசிந்து நீலமாக ஒரு வட்டம். அதை ஒரு கையால் மறைத்துக்கொண்டே எங்களைக் கும்பிட்டார். ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது? அது சலாம் மாதிரி ஆகிவிட்டது. பொறியாளர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் வாங்கிய கருவிகள் குறைவு. பாதிக்குமேல் அவரே செய்தவை. கதிர்வீச்சை அளக்க ஒரு பிஸ்கட் டின்னைப் பெட்டியாக்கியிருந்தார். உள்ளே ஒரு கம்பி, கம்பியில் ஒட்டிய மெல்லிய தங்க இலை. தங்க இலை கோட்டாற்றில் ஒரு நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய ரேக்கு. லேகியத்துக்குப் போடுகிற சரக்கு. கம்பி டின்னில் படாமல் இருக்கக் கந்தகத்தை உருக்கி வார்த்திருந்தார். மின்னூட்டம் கொடுத்தால் இலை விரிந்து நிற்கும். கதிர்வீச்சு இருந்தால் காற்றே மின்சாரத்தைக் கடத்தி இலை மெல்ல மெல்ல விழும். எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு கதிர்வீச்சு. இலையைப் பார்க்கத் தாவரவியல் பிரிவின் நுண்ணோக்கியைக் கடன் வாங்கிக் கட்டி வைத்திருந்தார். சீமைக் கருவி வாங்கிப் போட்டிருந்த எங்கள் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் இத்தனை சுத்தமான கைவேலையை நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாணவர்களும் சோடை போகவில்லை. தலைவர் ஆங்கிலத்தில் கேட்டபோது விழித்தவர்கள், நான் தமிழில் கேட்டதும் மடைதிறந்த மாதிரி சொன்னார்கள். மணலை ஒரு சாடியில் போட்டு மூடி, உள்ளே கம்பியைத் தொங்கவிட்டு, மறுநாள் அந்தக் கம்பிக்கே கதிர்வீச்சு ஒட்டிக்கொள்வதை எடுத்துக் காட்டினான் ஒருவன். ஏன் என்று கேட்டேன். மணலில் இருந்து ஒரு வாயு வருகிறது, அது சிதைந்து கம்பியில் படிகிறது என்று காரணத்தையும் சொன்னான். தலைவர் முகத்தில் முதல்முறையாக ஒரு மலர்ச்சி வந்தது. அந்த இடத்தோடு நாங்கள் எழுந்து சாப்பிடப் போயிருந்தால் பிரிவு பிழைத்திருக்கும்.

தலைவர் ஒரு மாணவனின் நோட்டை எடுத்தார். புரட்டிக்கொண்டே போனவர் நின்றார். அடுத்த நோட்டை எடுத்தார். பிறகு ஒன்பதையும் கேட்டு வாங்கி மேஜையில் விரித்தார்.

எந்தப் பொருளின் கதிர்வீச்சை அளப்பதாக இருந்தாலும் முதலில் அந்தப் பொருள் இல்லாமல் ஒரு தடவை அளக்க வேண்டும். வெறும் டின்னில் இலை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. புத்தகப்படி அது மணிக்கணக்காக நிற்க வேண்டும். இவர்கள் நோட்டில், மணல் வைத்தால் மூன்று நிமிடம், மணல் இல்லாமல் ஒன்பது நிமிடம் என்று இருந்தது. ஒன்பது நோட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்று, உங்கள் கருவி ஒழுகுகிறது. இல்லையென்றால் பிள்ளைகள் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருக்கிறார்கள். எது?"

"ரெண்டும் இல்ல சார்" என்றார் விரிவுரையாளர். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பதற்றத்தில் தமிழுக்கு வந்துவிட்டார். தலைவருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், பேசத்தான் வராது. "டின்னுல குத்தம் இல்ல. இந்தத் தரைதான் சார். தரைக்க அடியில போட்டுருக்கது கடக்கர மண்ணாக்கும். செவருக்குப் பூசுனதும் அதுதான். இந்த அறையே மணலுக்குள்ளதான் இருக்கு. அதான் சும்மா வச்சாலும் எல விழுது."

மேனேஜர் சட்டென்று முன்னால் வந்தார். "அதெப்படி? ஆத்துமணலுல்லா போட்டுருக்கு! கான்ட்ராக்டர் பழையாத்துல இருந்துல்லா அடிச்சாரு!" கடற்கரை மணலில் கைவைக்க அப்போது சர்க்கார் அனுமதி வேண்டும். அந்த மணலில் ஒரு கல்லூரியே நிற்கிறது என்று ஒரு கமிஷன் முன்னால் எந்த மேனேஜர் ஒப்புக்கொள்வார்?

"எங்க வீட்டுல கொண்டுபோய் வச்சுப் பாத்தேன் சார். அங்க எல அசையாமக் கெடக்கு" என்றார் விரிவுரையாளர்.

"உன் வீடு எங்கே?"

"மேட்டுத் தெருவுல சார்."

"இது குளக்கரை. அங்கே ஈரம் இல்லை, இங்கே ஈரம். ஈரத்தில் மின்சாரம் கசிகிறது. முதல் வருஷப் பையனுக்குத் தெரியும்." தலைவர் சொன்னதில் தப்பில்லை. ஈரத்தினால் கசிந்தாலும் இலை விழும்தான். யாருக்கும் அந்த இரண்டில் எது என்று அங்கே நின்று சொல்ல முடியாது. தரையில் கிடப்பது எந்த மணல் என்று தெரிந்த ஒருவனைத் தவிர.

எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்துக்குக் கடைக்கால் போட்ட வருஷம் நான் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கரையில் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. கிழக்கே குளக்கரையில் காலேஜ் எழும்புதாம், அதற்கு மணல் என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். ஏற்றிவிட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. மணல் நிறைத்த ஓலைப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்க நானே இரண்டு மூன்று தடவை கைகொடுத்தேன். அதுவும் போதாதென்று, ஆய்வுக்கூட வாசற்படியின் ஓரத்தில் தரை பெயர்ந்து மணல் உதிர்ந்து கிடந்ததை உள்ளே நுழையும்போதே பார்த்திருந்தேன். கருப்பும், நடுவே தேன் நிறத்தில் மினுங்குகிற பருக்கையும். பழையாற்று மணல் அப்படி இருக்காது. எங்கள் ஊர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு காலால் மிதித்தே சொல்வான்.

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். கமிஷனில் தமிழ் பேசியவன் நான் ஒருவன்தான். என் பேச்சில் எவ்வளவு ஒளித்தாலும் கொஞ்சம் ஊர் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

"சாரு இந்தப் பக்கத்து ஆளுல்லா? உங்களுக்குப் பாத்தா தெரியுமே சார். அந்தா படியில உதுந்து கெடக்கு பாருங்க. அது கடக்கர மண்ணா, ஆத்து மண்ணா? நீங்க சொன்னா போதும் சார்."

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது மாணவர்களும் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இது கடற்கரை மணல், எனக்குத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்பார். அதற்குப் பதில், என் அம்மா சுமந்த மணல் என்பது. இரண்டு தென்னைவரைக்கும் வயல் இருக்கிறவனின் அம்மா மணல் சுமப்பாளா? இதற்கு நடுவே எங்கள் தாலுகாக்கள் எந்த மாநிலத்துக்கு என்ற எல்லைத் தகராறு வேறு சூடாக இருந்த நேரம். தமிழனுக்குத் தமிழன் பரிந்து பேசுகிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்றும் பயந்தேன். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்கக் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது அல்லவா. உண்மைக் காரணம் முதலாவது.

நான் வாயைத் திறக்கும் முன் தலைவரே எனக்கு வழி விட்டார். "அவன் வயல்காரன் ஐயா. நெல்லைப் பற்றிக் கேளுங்கள், சொல்வான். கடற்கரையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?"

"ஆமாம்" என்றேன். "எனக்கு மணலைப் பற்றித் தெரியாது."

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

விரிவுரையாளர் விடவில்லை. "ஒரு கடப்பாறை போதும் சார். அந்த மூலையில ஒரு கை அகலத்துக்குப் பேத்து, அந்த மண்ண டின்னுல போட்டுப் பாத்திருவோம். அரமணி நேரம்" என்றார். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "தரையப் பேக்கதுக்கா ஒமக்குச் சம்பளம் தாறோம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் நோட்டுகளை அடுக்கி வைத்தார். "நாங்கள் தோண்ட வரவில்லை" என்றார். சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று ஒருவர் வந்து சொன்னார்.

அவியல், துவரன், எரிசேரி, மூன்று பாயசம். விரிவுரையாளர் பரிமாறுகிறவர்களோடு நின்றார். எனக்கு அவர்தான் மட்டிப்பழம் கொண்டுவந்து வைத்தார். நான் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அறிக்கையை மறுநாள் காலை கன்னியாகுமரியில் பயணிகள் விடுதியில் எழுதினோம். தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆசிரியர் ஆர்வம் உள்ளவர், மாணவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் அடிப்படை அளவே நம்பத்தக்கதாக இல்லாத ஆய்வுக்கூடத்தில் இந்தப் பிரிவை நடத்த இயலாது. நியாயமாக எழுதியதாகவே தோன்றும். இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவர் மூச்சு விட்ட நேரத்தில் நானாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'கட்டடத்தின் மணலே காரணம் என்று ஆசிரியர் கூறிய விளக்கத்தை, அந்த வட்டாரத்தை அறிந்த உறுப்பினராலும் உறுதிப்படுத்த இயலவில்லை.' படித்துக் காட்டினேன். நல்ல வாக்கியம், முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கிறது என்று தலைவர் தட்டிக்கொடுத்தார். ஏன் சேர்த்தேன்? யாரும் கேட்கவில்லையே. சொல்லாமல் இருந்தது கோழைத்தனம் என்றால், இதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு அதை எழுத்திலும் பார்த்துவிட்டால்தான் நிம்மதி போலிருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கிப் போயிருந்தேன். கமிஷன் போன விஷயம் யார் மூலமோ அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"ஏலே மக்கா, காரிலல்லாம் போனியாமே. எந்தக் காலேசுக்கு?"

சொன்னேன்.

"குளத்தங்கரைல இருக்கே, அதா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கு நாங்கல்லா மண்ணு ஏத்திவிட்டோம்! நீயும் பெட்டி தூக்கி வச்சியே, ஓர்ம இருக்கா? தரையெல்லாம் நல்லா இருக்கா மக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"இருக்கும். நல்ல கனமுள்ள மண்ணுலா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, தான் சுமந்த மண்ணின்மேல் தன் மகன் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு வந்ததைச் சொன்னாள். நான் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிரிவை மூடினார்கள். பலகையைக் கழற்றினார்கள். ஒன்பது மாணவர்களும் சாதாரணப் பௌதிகத்துக்கு மாற்றப்பட்டார்கள். விரிவுரையாளரின் வேலை போனது என்று கேள்விப்பட்டேன். விசாரித்துப் பார்க்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

ஆனால் அது என்னை விடவில்லை. வகுப்பில் மாணவர்களிடம், பொருள் இல்லாமல் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் பொருளை வைக்க வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் நாக்கு தடுமாறும். தலைவர் என்னைப் பார்த்து வயல் எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்று கேட்பார். பெய்தது என்பேன். எத்தனை போகம் அறுத்தேன் அந்த வயலில்! ஒரு வருஷம் பூச்சி விழுந்ததாகக்கூடச் சொன்னேன்.

ஐம்பத்தாறாம் வருஷம் தொடக்கத்தில் ஒருநாள், இனித் தாங்காது என்று தோன்றிவிட்டது. அந்த விரிவுரையாளர் கொட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார் என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சார், அது கடற்கரை மணல்தான். எனக்கு அன்றைக்கே தெரியும். என் அம்மா சுமந்தது. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறேன். இவ்வளவுதான் பாடம். நாகர்கோவில் வருவதற்குள் தப்பில்லாமல் வந்துவிட்டது.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. அவரே கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் நின்றுவிட்டு, பிறகு ரொம்பவும் பதறிவிட்டார். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். தான் நின்றுகொண்டே இருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சார், ஒங்கள ஒருநாளு பாத்து மன்னிப்புக் கேக்கணும்னு எத்தன நாளா நெனச்சேன், தெரியுமா? அண்ணைக்கு அத்தன பேருக்கு முன்ன ஒங்களப் பிடிச்சு இழுத்துட்டேன். வயக்காட்டு ஆளுகிட்டப் போயி கடக்கர மண்ணப் பத்திக் கேட்டா அவரு என்னத்தச் சொல்லுவாரு? நீங்களா இருக்கக் கொண்டு பொறுத்துக்கிட்டீங்க. எனக்கு அண்ணைக்குப் புத்தி பிசகிப் போச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இல்ல சார், சொல்லுதேன். வெளியூருக்காரங்க சொன்னத மட்டும்னா நான் நம்பியிருக்க மாட்டேன். நம்ம பக்கத்து ஆளு, படிச்சவரு, நேருல பாத்துட்டு உறுதியாத் தெரியலன்னு சொல்லுதாரு. அறிக்கையிலயும் அப்பிடியே எழுதியிருந்துது, மேனேஜரு காட்டுனாரு. அப்பொறந்தான் யோசிச்சேன். நான்தான் தப்பு. ஈரந்தான். கந்தகத்துல எங்கயோ கீறல் விட்டுருக்கு. என் கையால செஞ்ச டின்னுங்கதுனால அதுமேல எனக்கு ஒரு மயக்கம்." சிரித்தார். "பிள்ளைகளக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன் சார். வாத்தியாருக்குத் தப்பிருச்சு மக்கா, அந்த ஒன்பது நிமிசத்த எல்லாரும் அடிச்சிருங்கன்னு. ஒருத்தன் மட்டும் மாட்டேன்னான். இல்ல சார், நாங்க சரியாத்தான் பாத்தோம்னு அழுதான். அந்தக் கம்பி வச்சுக் காட்டுனானே, அவன்தான். அவன் நோட்டுல நானே செவப்பு மசியில அடிச்சேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். கையில் டம்ளரை எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு சொல்கூட மறக்கவில்லை. மறந்துபோயிற்று என்று சொல்லவாவது வழி இருந்திருக்கலாம்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க சார்" என்று கைகூப்பினார். இந்தத் தடவை இரண்டு கையாலும்.

"பரவாயில்லை சார்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. பஸ் நிற்கிற இடம்வரை கூடவே வந்தார். என் பையை நான் எவ்வளவு கேட்டும் தரவில்லை, அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அவரை மன்னித்துவிட்டு நான் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.